மகனின் மூன்று சக்கர வண்டிக்கு வீட்டிலேயே டயர் செய்த கால்நடை டாக்டர்: யார் இந்த டன்லப்?

சங்கரன்கோவில் பக்கம் மேலநீலிதநல்லூர் போன்ற ஊர்களில் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு சீமைக் கருவேல முள்ளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வழியில் ஒரு முள் குத்தினால் போதும், டயர் சப்பென்று ஆகிவிடும். அப்புறம் பஞ்சர் கடைதான். டியூபைக் கழற்றி, காற்றடித்து, தண்ணீர்ச் சட்டியில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைப் பிடித்து, உப்புத்தாள் தேய்த்து, சொலூஷன் தடவி, பேட்ச் ஒட்டினால் வேலை முடிந்தது.

ரப்பர் குழாய்க்குள் காற்றை அடைத்து, அதன் மேல் சவாரி செய்வது இன்று நமக்குச் சாதாரணமாகிவிட்டது. ஆனால் சுமார் 140 வருஷம் முன்புவரை சைக்கிள் டயரில் காற்றே கிடையாது. அதை மாற்றியவர் என்ஜினீயரும் இல்லை, தொழிற்சாலை முதலாளியும் இல்லை. குதிரைக்கும் மாட்டுக்கும் வைத்தியம் பார்த்த ஒரு டாக்டர். அவர் முதல் டயரைச் செய்த இடம் சொந்த வீட்டு முற்றம்.

விவசாயக் குடும்பத்துப் பிள்ளை

ஜான் பாய்டு டன்லப் 1840 பிப்ரவரி 5-ம் தேதி ஸ்காட்லாந்தின் டிரெக்கார்ன் என்ற ஊரில், ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். எடின்பரோவில் கால்நடை மருத்துவம் படித்தார். சில காலம் சொந்த நாட்டில் தொழில் பார்த்துவிட்டு, 1867-ல் கடல் தாண்டி அயர்லாந்துக்குப் போனார். முதலில் டவுன்பேட்ரிக் என்ற சின்ன ஊரில் சகோதரரோடு சேர்ந்து மருத்துவமனை நடத்தினார். பிறகு பெல்ஃபாஸ்ட் நகரத்துக்கு மாறினார். 1871-ல் மார்கரெட் ஸ்டீவன்சனைத் திருமணம் செய்துகொண்டார். ஒரு மகள், ஒரு மகன்.

1880-களின் நடுவில், அயர்லாந்தின் மிகப் பெரிய கால்நடை மருத்துவமனைகளில் ஒன்று அவருடையது. ஊரே குதிரை வண்டியில் ஓடிய காலம் அது, அதனால் குதிரை வைத்தியருக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை. வயது 47. நல்ல வருமானம், நல்ல பேர். புதிதாக எதையாவது கண்டுபிடித்துப் பிழைக்க வேண்டிய நிலைமை அவருக்கு இல்லவே இல்லை.

முற்றத்தில் உருண்ட இரண்டு சக்கரங்கள்

அவருடைய மகனுக்கு அப்போது 9 வயது. பையனிடம் ஒரு மூன்று சக்கர வண்டி இருந்தது. சக்கரங்களைச் சுற்றிக் கெட்டியான ரப்பர் பட்டை. கல் பாவிய தெருவில் ஓட்டினால் உடம்பெல்லாம் குலுங்கும், வேகமும் வராது.

குலுக்கல் ஏன் வருகிறது? கெட்டியான டயர் ஒரு கல்லின் மேல் ஏறும்போது மொத்த வண்டியும், ஓட்டுகிறவரும் சேர்ந்து மேலே தூக்கிப் போடப்படுகிறார்கள். முன்னே போக வேண்டிய சக்தியில் ஒரு பங்கு இப்படி மேலும் கீழும் ஆடுவதிலேயே வீணாகிறது. டயருக்குள் காற்று இருந்தால், கல் படும் இடம் மட்டும் உள்ளே அமுங்கும். சக்கரம் கல்லை விழுங்கிவிட்டு அப்படியே முன்னே போகும். மிதிப்பவரின் உழைப்பும் மிச்சம்.

டன்லப் ரப்பரில் வேலை செய்து பழகியவர். 1887 அக்டோபரில் அவர் சோதனையில் இறங்கினார். மெல்லிய ரப்பர் தாளை ஒட்டி ஒரு குழாய் செய்தார். வட்டமான ஒரு மரப்பலகையைச் சுற்றி அந்தக் குழாயை வைத்து, மேலே லினன் துணியைப் போர்த்தி, துணியின் ஓரங்களைப் பலகையில் ஆணி வைத்து அடித்தார். பெல்ஃபாஸ்ட் அந்தக் காலத்தில் லினன் நெசவுக்குப் பேர்போன நகரம், துணிக்கு அலைய வேண்டியதில்லை. கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பால் காற்றை ஏற்றி, வாயை இறுக்கிக் கட்டினார். அவ்வளவுதான், டயர் தயார்.

அடுத்து அவர் செய்ததுதான் முக்கியம். மகனின் வண்டியிலிருந்து ஒரு சக்கரத்தைக் கழற்றினார். பழைய சக்கரம் ஒன்று, தான் செய்த காற்றுச் சக்கரம் ஒன்று. இரண்டையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். பழைய சக்கரம் பாதியிலேயே சாய்ந்து விழுந்தது. காற்று நிரப்பிய சக்கரம் முற்றத்தைக் கடந்து ஓடி, வாசல் தூணில் மோதித் திரும்பியது.

அந்த ஒரு ஓட்டத்திலேயே அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. மூன்று சக்கர வண்டியின் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் காற்று டயர் போட்டார். பிறகு பெரியவர்கள் ஓட்டும் சைக்கிளுக்கும் செய்து பார்த்தார். பலன் இன்னும் நன்றாக இருந்தது. 1888 டிசம்பர் 7-ம் தேதி காப்புரிமையும் கிடைத்தது.

சிரித்த கூட்டம் வாயடைத்தது

அந்தத் தடித்த டயரைப் பார்த்தவர்கள் முதலில் சிரித்தார்கள். மெல்லிய ரப்பர் பட்டை போட்ட சைக்கிள்களையே பார்த்துப் பழகிய கண்களுக்கு, சக்கரத்தில் பாம்பு சுற்றியது போன்ற இந்த வண்டி வேடிக்கையாக இருந்தது.

பெல்ஃபாஸ்ட் சைக்கிள் சங்கம் ஒன்றின் கேப்டன் வில்லி ஹியூம் மட்டும் அந்த டயர் போட்ட வண்டியை விலை கொடுத்து வாங்கினார். அதையே ரேஸில் ஓட்டிப் பார்க்கச் சொன்னவர் டன்லப். 1889 மே 18-ம் தேதி பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் கல்லூரி மைதானத்தில் நடந்த நான்கு சைக்கிள் போட்டிகளிலும் ஹியூம் ஜெயித்தார். அடுத்து இங்கிலாந்தின் லிவர்பூலுக்குப் போனார். அங்கே ஒன்றைத் தவிர எல்லாப் போட்டிகளிலும் வெற்றி.

தோற்றவர்களில் ஹார்வி டூ குரோஸ் என்ற தொழிலதிபரின் மகன்களும் இருந்தார்கள். மகன்களைத் தோற்கடித்தது ஓட்டியவரின் கால் பலம் மட்டுமில்லை, அந்த டயரும்தான் என்பது அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. டன்லப்பைத் தேடிப் போய்ப் பேசினார். டப்ளினில் கம்பெனி உருவானது. தன் காப்புரிமையைக் கொடுத்த டன்லப்புக்குக் கொஞ்சம் ரொக்கமும் ஒரு சிறு பங்கும் கிடைத்தன.

கையை விட்டுப் போன காப்புரிமை

இங்கேதான் பெரிய அடி விழுந்தது. காப்புரிமை கிடைத்து இரண்டு வருஷம் கழித்து, அது செல்லாது என்று டன்லப்புக்கு அதிகாரபூர்வமாகத் தெரிவிக்கப்பட்டது. காரணம், இதே யோசனைக்கு 1845-லேயே பிரிட்டனில் ஒருவர் காப்புரிமை வாங்கியிருந்தார். அவர் பெயர் ராபர்ட் வில்லியம் தாம்சன். அவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான். அடுத்து பிரான்ஸ், அமெரிக்காவிலும் பதிவு செய்திருந்தார். குதிரை வண்டிகளில் காற்று டயர் மாட்டி, லண்டனில் ஓட்டியும் காட்டியிருந்தார். தாம்சன் 1873-லேயே இறந்துவிட்டார். டன்லப்புக்கு இப்படி ஒருவர் இருந்ததே தெரியாது.

அப்படியானால் டயரைக் கண்டுபிடித்தவர் தாம்சன்தானே? யோசனை முதலில் அவருடையது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் காலத்தில் அதற்குத் தேவை இல்லை. நல்ல ரப்பர் விலை அதிகம். நாம் அறிந்த சைக்கிள் அப்போது பிறக்கவே இல்லை. குதிரை இழுக்கும் வண்டியில் உழைப்பு மிச்சமானாலும், அது தெரிவது குதிரைக்கு மட்டும்தான்!

டன்லப் டயர் செய்த நேரம் வேறு. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1885-ல்தான் இங்கிலாந்தில் ஜே.கே. ஸ்டார்லியின் சேஃப்டி சைக்கிள் வந்தது. இரண்டும் ஏறக்குறைய சம அளவுச் சக்கரங்கள், நடுவில் பெடல், பின்னால் செயின் என்று இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் அதே அமைப்பு. பழைய உயரச் சைக்கிளின் பெரிய சக்கரம் பள்ளத்தை ஓரளவு சமாளிக்கும். புது சைக்கிளின் சின்னச் சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் குதிக்கும். அந்தக் குலுக்கலுக்கு மருந்தாகத்தான் டன்லப்பின் டயர் வந்து சேர்ந்தது. யோசனை தாம்சனுடையது என்றாலும், அதை உலகம் முழுக்க ஓட வைத்தது டன்லப்பின் முற்றம்தான்.

பஞ்சர் கடைக்கு வழி பிறந்தது

டன்லப் செய்த டயரில் ஒரு பெரிய குறை இருந்தது. சக்கரத்தோடு சேர்த்து ஒட்டியிருக்கும். பஞ்சர் ஆனால் பிரித்து எடுப்பது பெரும்பாடு. காப்புரிமை போன நிலையில் கம்பெனி பிழைக்க வேண்டுமானால் இதற்கு விடை வேண்டும்.

1890-ல் சார்லஸ் வெல்ச் என்பவர் ஓரத்தில் கம்பி வைத்த டயரை வடிவமைத்தார். அதே சமயம் வில்லியம் பார்ட்லெட், ரிம்மின் மடிப்புக்குள் ஓரம் பொருந்தி உட்காரும் டயரைக் கொண்டுவந்தார். இரண்டின் உரிமைகளையும் டூ குரோஸ் வாங்கிப் போட்டார். இனி டயரைக் கழற்றலாம், டியூபை ஒட்டலாம், திரும்ப மாட்டலாம். நம்ம ஊர் பஞ்சர் கடை என்ற தொழிலே இதில்தான் தொடங்குகிறது.

நம்ம சைக்கிள்களில் வால் டியூப் போட்டுக் காற்றடிக்கும் வால்வை வடிவமைத்தவர் வுட்ஸ் என்பவர். ஆனால் பல நாடுகளில் அதற்கு டன்லப் வால்வு என்றே பேர். பேர் ஒருவருக்கும் வேலை இன்னொருவருக்குமாகப் போன கதை டயரோடு நிற்கவில்லை.

கம்பெனியில் பேர் இருந்தது, அவர் இல்லை

1892-ல் டன்லப் கால்நடை மருத்துவத்தை விட்டுவிட்டு டப்ளினுக்குக் குடிபோனார். ஆனால் கம்பெனி வாழ்க்கை நீடிக்கவில்லை. 1895-ல் பங்குகளை விற்றுவிட்டு மொத்தமாக ஒதுங்கிவிட்டார்.

அடுத்த வருஷமே, 1896-ல், டெரா ஹூலி என்ற நிதி முதலீட்டாளருக்கு டயர் கம்பெனியை 30 லட்சம் பவுண்டுக்கு விற்றார் டூ குரோஸ். ஹூலி அதைப் பொதுமக்களுக்கு 50 லட்சம் பவுண்டுக்குக் கைமாற்றினார். அப்போது கம்பெனிக்கு வைத்த பெயரில் டன்லப் இருந்தது. உலகமே அறிந்த அந்தப் பிராண்டு பெரிதாக வளர்ந்தது, அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் வெளியேறிய பிறகுதான். அந்தப் பணத்தில் அவருக்குப் பங்கில்லை. அவரிடம் மிஞ்சிய தொழில் டப்ளினில் ஒரு துணிக்கடை வியாபாரம்.

டயருக்குப் பின்னால் இருந்த கைகள்

டன்லப்பாவது நிம்மதியாக வாழ்ந்தார். அவர் முற்றத்தில் தொடங்கிய டயர் ஆசைக்குப் பெரிய விலை கொடுத்தவர்கள் வேறு ஆட்கள்.

சைக்கிளும் பிறகு காரும் பெருகப் பெருக, ரப்பருக்கு உலகம் அலைந்தது. ஆப்பிரிக்காவின் காங்கோவைத் தன் சொந்தச் சொத்துபோல வைத்திருந்தார் பெல்ஜியம் மன்னர் இரண்டாம் லியோபோல்ட். அங்கே காட்டு ரப்பர் சேகரிக்க ஒவ்வொரு கிராமத்துக்கும் அளவு விதிக்கப்பட்டது. அளவு குறைந்தால் சவுக்கடி, பிணைக்கைதி, கொலை, கை வெட்டு. உலகம் முழுக்கக் கண்டனம் எழுந்த பிறகு 1908-ல்தான் காங்கோ அவர் கையை விட்டுப் போனது.

இன்னொரு பக்கம் ஆசியா. 1876-ல் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார் ஹென்றி விக்கம். அதில் முளைத்த கன்றுகள் இலங்கைக்கும், அடுத்து மலாயாவுக்கும் வந்தன. டயர் சந்தை சூடுபிடித்ததும் மலாயாவில் காடுகளை வெட்டி ரப்பர் தோட்டம் போட்டார்கள். அங்கே வேலை செய்ய, கங்காணிகள் மூலம் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டினார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர்கள், விடியும் முன் பால் மரம் சீவப் போனார்கள். காய்ச்சலிலும் கடனிலும் பலர் அங்கேயே மடிந்தார்கள். இன்றைய மலேசியத் தமிழர்களில் பெரும் பகுதியினர் அந்தத் தோட்டத் தொழிலாளர்களின் வழிவந்தவர்கள்.

சுற்றி வந்த சக்கரம்

தமிழர்கள் பால் எடுத்த ரப்பர் டயராக நம்ம ஊருக்கும் வந்தது. டன்லப் கம்பெனி 1936-ல் வங்காளத்தின் சாகாகஞ்சிலும், 1959-ல் சென்னை அம்பத்தூரிலும் ஆலை தொடங்கியது. அதே அம்பத்தூரில் அதற்கு முன்பே டிஐ சைக்கிள்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். இன்று மேலநீலிதநல்லூர் வட்டாரத்துப் பிள்ளைகளும் அரசு கொடுக்கும் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறார்கள். கெட்டி ரப்பர் டயரில் இந்த மண் ரோட்டுத் தூரமெல்லாம் தினமும் மிதித்துக் கடப்பது லேசான காரியமில்லை.

இன்றைக்கு வீட்டில் டயர் செய்ய முடியுமா?

டன்லப் செய்ததுபோல ஒரு சோதனைச் சக்கரம் செய்யலாம், ரோட்டில் ஓட்டும் டயர் செய்வது கஷ்டம். இன்றைய டயரில் மூன்று பாகம் இருக்கிறது. ரிம்மைப் பிடித்துக்கொள்ளும் ஓரக் கம்பி, காற்றின் அழுத்தத்தைத் தாங்கும் நூல் அடுக்கு, தேய்மானத்தைத் தாங்கும் மேல் ரப்பர். மூன்றையும் அச்சில் வைத்து, கந்தகம் கலந்த ரப்பரை உயர்ந்த வெப்பத்தில் அழுத்தி வேக வைத்தால்தான் அது உறுதியாகும். அந்த அழுத்தமும் வெப்பமும் வீட்டு அடுப்பில் வராது. வெடித்த டயரின் உள்ளே பழைய டயர்த் துண்டு ஒன்றை வைத்து ஓட்டும் நம்ம ஊர் யுக்திதான் இன்று வீட்டில் செய்யக்கூடிய அதிகபட்ச டயர் வேலை. அதுவும் கடை வந்து சேரும் வரைக்குமான ஏற்பாடுதான்.

கடைசி வரை

1921 அக்டோபர் 23-ம் தேதி, 81 வயதில், டப்ளின் வீட்டில் டன்லப் காலமானார். டீன்ஸ்கிரேஞ்ச் இடுகாட்டில் அடக்கம். டயர் உருவான கதையை அவர் எழுதிய புத்தகம் அவர் மறைவுக்குப் பிறகே வெளியானது. வட அயர்லாந்து வங்கி ஒன்று பின்னாளில் 10 பவுண்டு நோட்டில் அவர் படத்தை அச்சிட்டது. டயர் வியாபாரத்தில் பெரிய பணம் பார்க்காத மனிதரின் முகம், கடைசியில் பணத்தாளிலேயே இடம் பிடித்தது.