காலை வெட்டாமல் காக்க வழிகண்ட கதிரியக்க மருத்துவர் சார்லஸ் டாட்டர்

ஸ்டென்ட் என்றதும் பெரும்பாலானோருக்கு இதயமே நினைவுக்கு வரும். ஆனால், அடைபட்ட ரத்தக்குழாயைக் கதீட்டர் கொண்டு உள்ளிருந்தே திறக்கலாம், பின்னர் கம்பிச் சுருள் வைத்து அது மீண்டும் சுருங்காமல் தடுக்கலாம் என்ற எண்ணம் கால் தமனிகளில்தான் தொடங்கியது. அதற்கு வித்திட்டவர் அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் சார்லஸ் டாட்டர்.

1920-ஆம் ஆண்டு பாஸ்டனில் பிறந்த டாட்டர், கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். 1952-இல், தமது 32-ஆவது வயதில், போர்ட்லாந்து நகரில் இருந்த ஓரிகன் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் கதிரியக்கத் துறைத் தலைவரானார். இறக்கும் வரை அப்பொறுப்பிலேயே இருந்தார்.

அக்காலத்தில் கதிரியக்க மருத்துவரின் பணி, எக்ஸ்ரே படம் எடுத்து அடைப்பு இருக்குமிடத்தைச் சொல்வதோடு முடிந்துவிடும். சிகிச்சை அறுவை மருத்துவரின் உரிமை. கால் தமனிகளில் கொழுப்பு படிந்து சுருங்கியவர்களுக்குச் சிறிது தூரம் நடந்தாலே கெண்டைக்கால் வலிக்கும். நின்றால் வலி தணியும். நோய் முற்றினால் விரல்கள் கறுத்து அழுகும். மாற்றுக்குழாய் அறுவை சிகிச்சையைத் தாங்க இயலாத முதியோருக்குக் காலை அகற்றுவதே வழியாக இருந்தது.

1963-இல், சிறுநீரகத் தமனியைப் படமெடுக்க ஒரு நோயாளியின் உடலில் டாட்டர் செலுத்திய கதீட்டர், முற்றிலும் அடைபட்டிருந்த இடுப்புத் தமனியைத் தற்செயலாகத் துளைத்துச் சென்று வழி திறந்தது. பிறர் அதை ஒரு விபத்தாகக் கருதி மறந்திருக்கக்கூடும். டாட்டரோ அதே ஆண்டு கார்லோவி வாரி நகரில் நடந்த மருத்துவ மாநாட்டில், கதீட்டர் நோயறியும் கருவி மட்டுமன்று, சிகிச்சைக் கருவியாகவும் ஆகும் என்று வாதிட்டார்.

வாய்ப்பு 1964 ஜனவரி 16 அன்று வந்தது. கால்விரல்கள் அழுகிய நிலையில் இருந்த 82 வயது மூதாட்டி, காலை அகற்ற உடன்படவில்லை. அவரது தொடைத் தமனியின் ஒரு குறுகிய பகுதி சுருங்கியிருந்தது. அதன் வழியே மெல்லிய கம்பியைச் செலுத்திய டாட்டர், அக்கம்பியின் மேல் ஒன்றைவிட ஒன்று பருத்த டெஃப்லான் குழாய்களை நுழைத்து வழியை அகலப்படுத்தினார். சில நிமிடங்களில் பாதம் சூடேறியது. வலியும் விரைவில் நீங்கியது. அம்மூதாட்டி இரண்டரை ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து, இறுதி வரை தம் இரு கால்களாலேயே நடமாடினார்.

சக மருத்துவரான மெல்வின் ஜட்கின்ஸுடன் இணைந்து அவ்வாண்டே முடிவுகளை வெளியிட்டபோதும் உள்நாட்டில் வரவேற்பு குறைவு. படம் மட்டும் எடுக்கவும், சரிசெய்ய முயல வேண்டாம் என்றும் பரிந்துரைச் சீட்டில் எழுதி ஓர் அறுவை மருத்துவர் நோயாளியை அனுப்பிய நிகழ்வு இன்றும் மருத்துவ வட்டாரத்தில் நினைவுகூரப்படுகிறது. பைத்தியக்காரச் சார்லி என்ற பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது. கிட்டார் தந்தியையும் கார் வேகமானியின் கம்பியையும் எடுத்து மருத்துவக் கருவி செய்து பார்த்த மனிதருக்கு அப்பெயர் கிடைத்ததில் வியப்பில்லை. ஐரோப்பிய மருத்துவர்களோ அவர் முறையைக் கற்றுக்கொண்டதுடன், அச்சிகிச்சைக்கு அவர் பெயரையே வைத்தனர்.

திறந்த தமனி மீண்டும் சுருங்குவதே எஞ்சிய சிக்கல். நாய்களின் முழங்கால் பின்புறத் தமனியில் டாட்டர் முதலில் பிளாஸ்டிக் குழாய்களை வைத்தார். ரத்தம் உறைந்து அவை அடைபட்டன. பின்னர் எஃகுக் கம்பிச் சுருள்களை வைத்தார். அவற்றுள் சில இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியும் திறந்தே இருந்தன என்பதை 1969-இல் அறிவித்தார். 1983-இல் நிட்டினால் உலோகக் கலவைக்கு மாறினார். குளிரில் நீட்டி நேராக்கப்படும் இக்கம்பி, சூடுபட்டதும் சுருளாகத் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும். இன்று தொடைத் தமனியில் வைக்கப்படும் ஸ்டென்ட்கள் பெரும்பாலும் நிட்டினாலால் ஆனவை. நடக்கும்போதும் மடக்கும்போதும் நசுங்கினாலும் மீண்டும் விரியும் தன்மையே அதற்குக் காரணம்.

இதற்கிடையே ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக், குழாய்களுக்குப் பதில் பலூனைப் பயன்படுத்தி 1974-இல் காலிலும், 1977-இல் இதயத் தமனியிலும் வெற்றி கண்டார். 1978-இல் டாட்டரின் பெயர் நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது, பரிசு கிட்டவில்லை.

மலையேற்றம் அவரது மற்றொரு பித்து. ஹாட்ஜ்கின் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற காலத்திலும் ஆல்ப்ஸின் மேட்டர்ஹார்ன் சிகரத்தில் ஏறினார். பிற்காலத்தில் இதய அறுவை சிகிச்சையும் செய்துகொண்ட அவர், 1985 பிப்ரவரி 15 அன்று 64-ஆவது வயதில் காலமானார். ஜட்கின்ஸும் குருன்ட்சிக்கும் அதே ஆண்டில் மறைந்தனர்.

ஹூலியோ பால்மாஸ் வடிவமைத்த, பலூனால் விரியும் ஸ்டென்டுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1991-இல் ஒப்புதல் அளித்தது. 1963-இல் டாட்டரின் கதீட்டர் தற்செயலாகத் திறந்த அதே இடுப்புத் தமனிக்காகவே அந்த ஒப்புதல் வழங்கப்பட்டது.