ஜாம் போத்தல் விளக்கும் ஸ்விக்கியின் வில்லையும்

2008ஆம் ஆண்டின் பிற்பகுதி. கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து தர்மபுரத்தில் ஒரு காணிக்குள் தறப்பாள் கட்டி இருந்தோம். மின்சாரம் இல்லாத வன்னியில் இருட்டினால் வானம் முழுக்க நட்சத்திரம். ஆனால் நாங்கள் அண்ணாந்து பார்த்தது வண்டு சுற்றுகிறதா என்று அறியத்தான்.

பக்கத்துத் தறப்பாளில் இருந்த பௌதிகவியல் சேர் ஒருநாள் உடைந்த சோடாப் போத்தலின் அடித்துண்டை என் கையில் தந்து, ஜாம் போத்தல் விளக்கை அதனூடாகப் பார்க்கச் சொன்னார். ஒரு சுடர் இரண்டானது, நாலானது, துண்டை அசைக்க அசைக்க வளையமாகவும் நெளிந்தது. வானத்திலும் இப்படி நடக்கும் என்று அடித்துச் சொன்ன மனுசன் பிரிட்ஸ் ஸ்விக்கி என்றார் சேர். பெயர் மட்டும் மனதில் நின்றது. பல வருடங்கள் கழித்து, போரில் அழிந்த நூலகங்களைப் பற்றி எழுதுவதற்காகத் தேடியபோது அதே பெயர் மறுபடி எதிர்ப்பட்டது.

ஸ்விக்கி 1898 பெப்ரவரி 14ஆம் திகதி, பல்கேரியாவின் கருங்கடல் துறைமுகமான வர்ணாவில் பிறந்தவர். தந்தை சுவிஸ் நாட்டு வணிகர். ஆறு வயதிலேயே படிப்புக்காக சுவிஸின் கிளாருஸ் பகுதிக்கு, பாட்டன் பாட்டியிடம் அனுப்பிவிட்டார்கள். சூரிச்சில் பௌதிகவியல் படித்து, 1925இல் அமெரிக்கா சென்று கல்டெக்கில் சேர்ந்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு அங்கே வாழ்ந்தும் அமெரிக்கக் குடியுரிமை எடுக்கவில்லை. வாய் கடுமையானவர், சகாக்களோடு ஒத்துப்போகாதவர். அவர் சொன்னதைப் பலர் கணக்கில் எடுக்காததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

1933இல் கோமா என்ற விண்மீன் மண்டலக் கொத்தை ஆராய்ந்தார். கோடானுகோடி சூரியன்கள் சேர்ந்தது ஒரு விண்மீன் மண்டலம். அப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான மண்டலங்கள் ஈர்ப்பால் கட்டுண்டு கிடப்பது கொத்து. அவை ஓடும் வேகத்தைப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியும் திணிவு மட்டும் இருந்திருந்தால் கொத்து எப்போதோ சிதறியிருக்க வேண்டும். சிதறவில்லை. ஆகவே ஒளி தராத ஏதோ ஒன்று அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்றார். இன்று கரும்பொருள் என்கிறோமே, அதுதான். 1970கள் வரை பெரும்பாலானோர் இதைப் பொருட்படுத்தவில்லை. கண்ணில் படாத ஒன்று இருக்கிறது என்று மற்றவர்களை நம்பவைப்பது எவ்வளவு பாடு என்பது, கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரியில் போராட்டம் தொடங்கிய அம்மாமாருக்குத் தெரியும்.

1936 இறுதியில் ஐன்ஸ்டீன் ஒரு சிறு கட்டுரை எழுதினார். ஒரு நட்சத்திரத்தின் ஈர்ப்பு, அதன் நேர் பின்னாலுள்ள இன்னொரு நட்சத்திரத்தின் ஒளியை வளைத்து வில்லைபோல இயங்கலாம், ஆனால் அதை நேரில் காண வாய்ப்பில்லை என்பது அவர் கருத்து. ஸ்விக்கி சில மாதங்களில் பதில் எழுதினார். தனி நட்சத்திரத்துக்குப் பதில் ஒரு முழு விண்மீன் மண்டலமே வில்லையானால் அது தென்பட்டே தீரும், ஒளி வளையும் அளவை வைத்து அந்த மண்டலத்தின் திணிவையும் கணிக்கலாம் என்றார்.

பிறகு உலகப் போர். 1943 முதல் ஏரோஜெட் நிறுவனத்தில் ரொக்கெட் ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். 1949இல் அதற்காக அமெரிக்க அரசு பதக்கமும் கொடுத்தது. ரொக்கெட் என்ற சொல் எங்கள் காதில் எப்படி விழும் என்று சொல்லத் தேவையில்லை. இந்த இடம் எனக்கு நெருடத்தான் செய்கிறது. ஆனால் போரால் சிதைந்த அறிவியல் நூலகங்களுக்கு உதவும் குழுவை முன்னின்று நடத்தியவரும் இதே ஆள்தான். பழைய சஞ்சிகைகளையும் புத்தகங்களையும் டன் கணக்கில் சேர்த்து, எரிந்த நூலகங்களுக்குக் கப்பலில் அனுப்பினார். போரில் அநாதைகளான பிள்ளைகளுக்கு உதவிய பெஸ்டலோசி அமைப்பிலும் உழைத்தார்.

1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அது நான் பிறக்க முந்திய கதை. நான் கண்ணால் கண்டது, மீள்குடியேறிப் போனபோது எங்கள் பாடசாலையில் வெறுமையாக நின்ற இறாக்கைகளைத்தான். ஒரு பெட்டி பழைய சஞ்சிகை வந்திருந்தால்கூட அந்த வருடம் உயர்தரம் எழுதிய பிள்ளைகள் அதைக் கிழியக் கிழியப் படித்திருப்பார்கள்.

ஸ்விக்கி 1974 பெப்ரவரி 8ஆம் திகதி பசடேனாவில் இறந்தார். கிளாருஸின் மொல்லிஸ் கிராமத்தில் அடக்கம் செய்தார்கள். அவர் சொன்ன வில்லை 1979இல் அகப்பட்டது. அருகருகே தெரிந்த இரண்டு குவாசர்கள் உண்மையில் ஒரே குவாசரின் இரு பிம்பங்கள் என்று கண்டுபிடித்தார்கள். குவாசர் என்பது மிகத் தொலைவிலுள்ள ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவில், பெரும் கருந்துளை ஒன்று சுற்றியுள்ள பொருளை விழுங்கும்போது எழும் பேரொளி. 2003இல் அதைவிடப் பெரிய வில்லை கிடைத்தது. ஒரு முழுக் கொத்தே இடையில் நின்று, சுமார் 1000 கோடி ஆண்டுகளாகப் பயணித்து வரும் குவாசர் ஒளியை நான்கு பிரகாசமான பிம்பங்களாகப் பிரித்திருந்தது. கொத்தில் பெரும்பங்கு அவர் சொன்ன அந்தக் காணாத திணிவு.

நான்கு ஒளிகளும் நான்கு பாதையால் வருவதால் ஒரே நேரத்தில் வந்து சேர்வதில்லை. முதலாவதுக்கும் கடைசிக்கும் இடையில் சுமார் 6.7 ஆண்டுகள் என்று 2022இல் அளந்து வெளியிட்டார்கள். 2009 மே மாதத்தில் முதல் பிம்பத்தில் ஒரு மினுக்கம் தெரிந்திருந்தால், கடைசிப் பிம்பத்தில் அது தெரிய 2016 தொடக்கம் ஆகியிருக்கும்.

இதைச் சேரிடம் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. மாத்தளனுக்குப் பிறகு அவரை எங்களில் ஒருவரும் காணவில்லை.