சுதேசி ஆலை கண்ட டாட்டா

ஜாம்ஷெட்ஜி டாட்டா என்றவுடன் இரும்பும் எஃகுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அவர் தம் ஆயுள் முழுவதும் நடத்திய தொழில் இரும்பு அல்ல. பஞ்சும் நூலும் துணியுமே. எஃகு ஆலைக்கு அவர் கனவு கண்டார். அதன் உலை மூட்டப்படும் முன்பே காலமாகிவிட்டார். அந்தக் குடும்பத்தின் செல்வமும் பெயரும் பஞ்சாலையில் பிறந்தவை. அப்படிப் பிறந்த செல்வத்தையே மற்றொரு பஞ்சாலைக்காக அவர் பணயம் வைக்க நேர்ந்ததுதான் அவர் வாழ்க்கையின் பெரிய சோதனை.

1839 மார்ச் 3-ஆம் தேதி குஜராத்தில் நவசாரி என்ற ஊரில், பார்சி புரோகிதர் குடும்பத்தில் அவர் பிறந்தார். தலைமுறை தலைமுறையாக வேள்வித் தீயைப் போற்றி வந்த குடும்பம் அது. அந்த வழியை விட்டுப் பம்பாய் சென்று வியாபாரத்தில் இறங்கியவர் தந்தை நஸர்வான்ஜி. எல்பின்ஸ்டன் கல்லூரியில் படிப்பை முடித்த மகன், தந்தையின் கடையில் சேர்ந்து தொழில் கற்று, சீனாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய் வந்தார்.

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்ட காலம் அது. அங்கிருந்து பஞ்சு வராமற் போகவே, இந்தியப் பஞ்சு பொன் விலைக்கு விற்றது. பம்பாயில் கண்டவரெல்லாம் லட்சாதிபதி ஆனார்கள். 1865-ல் போர் முடிந்ததும் விலை சரிந்தது. லட்சாதிபதிகள் ஓட்டாண்டிகள் ஆனார்கள். அப்போது ஜாம்ஷெட்ஜி லண்டனில் இருந்தார். அவர் கையில் இருந்த உண்டியல்கள் வெற்றுக் காகிதங்களாயின. அந்த இளைஞர் ஓடி ஒளியவில்லை. கடன் கொடுத்தவர்களிடம் நேரே சென்று நிலைமையை உள்ளபடி சொன்னார். அந்த நாணயத்தைக் கண்ட அவர்கள், கணக்கைத் தீர்க்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தார்கள்.

1868-ல் 21,000 ரூபாய் முதலுடன் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். சிஞ்ச்போக்லியில் நொடித்துப்போன எண்ணெய் ஆலை ஒன்றை வாங்கிப் பஞ்சாலையாக மாற்றி, நல்ல லாபத்துக்கு விற்றார். பிறகு லங்காஷயருக்குச் சென்று, ஆலைத் தொழிலின் நெளிவு சுளிவுகளை நேரில் கண்டறிந்தார்.

பம்பாயிலேயே ஆலை வைப்பதுதான் அன்றைய வழக்கம். அவரோ பஞ்சு விளையும் பூமிக்கே போக வேண்டும் என்று எண்ணி, நாகபுரியில் ஒரு சதுப்பு நிலத்தைத் தேர்ந்தெடுத்தார். அங்கிருந்த மார்வாரி லேவாதேவிக்காரர் ஒருவர், மண்ணில் பொன்னைப் புதைக்கும் காரியம் என்று கூறிப் பங்கு வாங்க மறுத்தாராம். பின்னாளில் அவரே, டாட்டா மண்ணைப் போட்டுப் பொன்னை எடுத்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டதாகச் சொல்வார்கள். 1877 ஜனவரி 1-ஆம் தேதி, விக்டோரியா சக்கரவர்த்தினியாகப் பிரகடனம் செய்யப்பட்ட அதே நாளில் ஆலை திறக்கப்பட்டது. எம்ப்ரஸ் மில் என்று பெயரும் வைக்கப்பட்டது.

நிர்வாகத்துக்கு பெசோன்ஜி மேத்தா என்ற ரயில்வே உத்தியோகஸ்தரை அழைத்து வந்தார். ஆலைத் தொழிலே அறியாத அவர் மிகச் சிறந்த நிர்வாகியாக விளங்கினார். லங்காஷயர் முதலாளிகள் பழைய இயந்திரத்தையே கட்டிக்கொண்டு தயங்கிய வேளையில், வேகமாகச் சுழலும் ரிங் கதிர்களைச் சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டது நாகபுரி ஆலை. தொழிலாளர் அடிக்கடி வேலைக்கு வராமல் நின்றபோது, அவர் அபராதத்தை நம்பவில்லை. வெக்கையைத் தணிக்கக் கருவிகள் பொருத்தினார். நல்ல வேலைக்குப் பரிசுகள் கொடுத்தார். 1886-ல் ஓய்வூதிய நிதியும் ஏற்படுத்தினார்.

அதே ஆண்டில்தான் சோதனை வந்தது. குர்லாவில் தர்ம்ஸி ஆலை என்ற பெரிய ஆலை விலைக்கு வந்தது. பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு அதை வாங்கி, சுதேசி மில் என்று பெயர் சூட்டினார். நாடெங்கும் சுதேசி இயக்கம் எழுவதற்கு 19 ஆண்டுகள் முன்பே அந்தச் சொல்லைப் பெயர்ப்பலகையில் ஏற்றியவர் அவர். ஆனால் மலிவாகக் கிடைத்த ஆலை மலிவாக ஓடவில்லை. இயந்திரங்கள் தேய்ந்து கிடந்தன. பழுது பார்க்கப் பார்க்கப் பணம் கரைந்தது. பங்கு விலை விழுந்தது; பாங்கியும் கடன் தர மறுத்தது.

ஆலையை மூடிவிட்டு நஷ்டத்தோடு ஒதுங்கியிருக்கலாம். ஆனால் தம் பெயரை நம்பிப் பணம் போட்டவர்களை நடுத்தெருவில் விட அவருக்கு மனம் வரவில்லை. குடும்பத்துக்கென ஒதுக்கி வைத்திருந்த சொத்தையே எடுக்கத் துணிந்தார். எம்ப்ரஸ் மில்லில் தமக்கிருந்த பங்குகளில் ஒரு பகுதியை விற்றார். நாகபுரியின் தேர்ந்த ஆட்களைக் குர்லாவுக்கு வரவழைத்தார். சில ஆண்டுகளில் ஆலை நிமிர்ந்தது. சுதேசி நூலுக்குக் கீழ்த்திசைச் சந்தைகளில் தனி மதிப்பு உண்டாயிற்று.

எல்லாப் போரிலும் அவர் வென்றார் என்பதற்கில்லை. சீனாவுக்கு நூல் அனுப்ப ஆங்கிலக் கப்பல் கம்பெனியார் டன்னுக்கு 19 ரூபாய் கேட்டார்கள். 1893-ல் ஜப்பானியக் கம்பெனி ஒன்றுடன் கூட்டுச் சேர்ந்து அவர் போட்டிக் கப்பல் விட்டார். ஆங்கிலேயர் கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கினர். துணைக்கு நின்ற வியாபாரிகள் மலிவைத் தேடிப் போய்விட்டார்கள், கப்பல்களும் நின்றன. 1906-ல் தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, வெள்ளையர் இதே ஆயுதத்தைத்தான் கையில் எடுத்தார்கள்.

1904 மே 19-ஆம் தேதி ஜெர்மனியில் பாட் நௌஹைம் என்ற ஊரில் ஜாம்ஷெட்ஜி மறைந்தார். எஃகு ஆலையையும் நீர்மின் நிலையத்தையும் பிள்ளைகள் நிறைவேற்றினார்கள்; அவர் திட்டமிட்ட விஞ்ஞானக் கழகம் பெங்களூரில் எழுந்தது. நாகபுரி ஆலை இன்று இல்லை. ஆனால் அந்தப் பெரிய காரியங்களுக்கெல்லாம் வித்திட்ட முதல், அங்கே சுழன்ற கதிர்களில் திரண்டது. அந்த முதலைக் காட்டிலும் வாக்குப் பெரிது என்று அவர் நினைத்ததனால்தான், டாட்டா என்ற பெயரை நம்பிப் பணம் போட மக்கள் பின்னாளில் தயங்கவில்லை.