ஏழை வீட்டுக்கும் வானவில் தந்தவர்

வானவில்லின் ஊதா நிறத்தை எல்லோரும் பார்க்கலாம். ஆனால் ஒரு காலத்தில், சாயம் போகாத நல்ல ஊதாத் துணியைப் பணக்காரர்கள்தான் உடுத்த முடிந்தது. அந்த நிலையை மாற்றியவர் வில்லியம் ஹென்றி பெர்க்கின்.

அவர் 1838-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். மகன் கட்டிடக் கலை படிக்க வேண்டும் என்பது தந்தையின் ஆசை. பெர்க்கினுக்கோ ரசாயனத்தில்தான் நாட்டம்.

1856-ம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறை. மலேரியா காய்ச்சலுக்கு மருந்தான கொயினாவைச் செயற்கையாகத் தயாரிக்க வீட்டிலேயே முயன்றார். வந்தது கறுப்புக் கசடுதான். குப்பியைச் சாராயம் ஊற்றிக் கழுவினார். என்ன ஆச்சரியம்! அழகிய ஊதா நிறம்! பட்டுத் துணியில் தோய்த்தார். துவைத்தும் சாயம் போகவில்லை.

அப்போது அவருக்கு வயது 18. கல்லூரியை விட்டு விலகினார். பேராசிரியர் ஹாப்மனுக்கு அது பிடிக்கவில்லை. தந்தையோ தம் சேமிப்பின் பெரும்பகுதியை மகனிடம் கொடுத்தார். அண்ணன் தாமசும் துணை நின்றார். 1857-ல் கிரீன்போர்டில் தொழிற்சாலை எழுந்தது. சாயம் விற்காவிட்டால் குடும்பமே நொடித்துப் போகும்!

விற்றது, அமோகமாக விற்றது. 36 வயதில் பெர்க்கின் தொழிற்சாலையை விற்றுவிட்டு, மீண்டும் ஆராய்ச்சியில் இறங்கினார். 1906-ல் 'சர்' பட்டம் பெற்றார். 1907-ல் காலமானார்.

அவர் காட்டிய வழியில் நூற்றுக்கணக்கான செயற்கைச் சாயங்கள் பிறந்தன. இன்று ஏழை வீட்டுக் கொடியிலும் ஏழு நிறமும் காய்கிறது.