காற்றுக்கு வழிவிட்டவர்

நுழையும்முன்

வெயில் ஏறியதும் வீட்டைக் குளிர்விக்கும் எந்திரத்தை நாடுகிறோம். அதனை வாங்க இயலாதோர் புழுக்கத்தைப் பொறுத்துக்கொள்கின்றனர். வீடே ஒரு குளிர்விக்கும் கருவியாக இயங்க இயலுமா? இயலும் என்று புதுச்சேரியில் கட்டிக் காட்டியவர் அந்தோனின் ரேமண்ட். உலகறிந்த அக்கட்டடக் கலைஞரின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கடற்காற்றின் ஊர்

புதுச்சேரி நகரின் வடபால் கடலையொட்டி அமைந்த மீனவர் குடியிருப்பு வைத்திக்குப்பம். கோடையில் அங்குள்ளோர் நண்பகலுக்குப் பின் வரும் கடற்காற்றை எதிர்நோக்கியிருப்பர். நிலம் விரைந்து சூடேறும். கடல் மெல்லச் சூடேறும். நிலத்தின்மேல் சூடான காற்று மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வரும். காற்றில் ஈரம் மிகுந்த இவ்வூரில் வியர்வை எளிதில் உலராது. காற்று அசைந்தால்தான் வியர்வை உலரும், உடலும் குளிரும். மீனவர் பட்டறிவால் உணர்ந்த இவ்வுண்மையை அடித்தளமாகக் கொண்டு எழுந்த கட்டடம், வைத்திக்குப்பத்துக்குத் தெற்கே நடந்து செல்லும் தொலைவில் உள்ளது. ‘கோல்கோந்த்’ என்பது அதன் பெயர்.

பொஹீமியாவிலிருந்து டோக்கியோவுக்கு

ரேமண்ட் 1888ஆம் ஆண்டு பொஹீமியாவின் கிளாத்னோ நகரில் பிறந்தார். இன்று அந்நகர் செக் நாட்டில் உள்ளது. பிராகா நகரில் கட்டடக் கலை பயின்ற அவர், 1910இல் அமெரிக்கா சென்றார். பிரான்சில் பிறந்த ஓவியரான நொயெமியை 1914இல் மணந்தார். வாழ்விலும் தொழிலிலும் இருவரும் இணைந்தே உழைத்தனர்.

டோக்கியோவின் இம்பீரியல் விடுதியைக் கட்டும் பணிக்காக, புகழ்பெற்ற பிராங்க் லாய்டு ரைட்டுடன் 1919இன் இறுதியில் ஜப்பான் சென்றார். பின்னர் அவரைப் பிரிந்து தனி அலுவலகம் தொடங்கினார். அங்குள்ள மர வீடுகள் அவருக்கு ஆசான் ஆயின. தூண்களே கூரையைத் தாங்கின. சுவர்கள் கதவுகளைப்போல நகர்ந்தன. நீண்ட இறவாரங்கள் வெயிலைத் தடுத்தன. கோடைக்கு ஏற்ற அவ்வீடுகள் குளிர்காலத்தில் நடுங்க வைத்தன. கரி நெருப்பே அப்போது துணை. ஒரு வீட்டின் நிறையும் குறையும் அது நிற்கும் மண்ணின் வானிலையைப் பொறுத்தவை என்பதை ரேமண்ட் அங்குக் கற்றார்.

புதுச்சேரியில்

ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் அன்பர்கள் தங்குவதற்கு ஓர் இல்லம் தேவைப்பட்டது. அதனை வடிவமைக்கும் பொறுப்பு 1935இல் ரேமண்டிடம் வந்தது. ஐதராபாத்தின் திவானாக விளங்கிய சர் அக்பர் ஐதரியின் முயற்சியால் பொருளுதவி கிடைத்தது. அதன் நினைவாகவே கோல்கொண்டா என்னும் பெயர் பிரெஞ்சு ஒலிப்பில் இல்லத்துக்குச் சூட்டப்பட்டது.

குளிர்சாதன எந்திரத்தை அமெரிக்கரான வில்லிஸ் கேரியர் 1902லேயே உருவாக்கியிருந்தார். ரேமண்ட் அதனை நாடாமல் கதிரவனையும் காற்றையும் கணக்கிட்டார். கிழக்கிலும் மேற்கிலும் தாழ்ந்து வரும் வெயிலைத் தடுப்பது கடினம். ஆகவே, நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்கும்படி கட்டடத்தை அமைத்தார். அப்பக்கங்களில் சுவருக்கு மாறாக, திறந்து மூடக்கூடிய சாய்பலகைகளை வரிசையாகப் பொருத்தினார். அவை வெயிலையும் மழையையும் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விட்டன. அறைக்கும் நடைக்கும் இடையே இடைவெளி விட்ட தேக்குச் சட்டங்களாலான நகரும் கதவுகள் அமைந்தன. கதவு மூடியிருந்தாலும் காற்று ஊடுருவும், பார்வை ஊடுருவாது. தட்டைக் கூரையின்மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள் இரண்டாம் கூரையாக அமைந்தன. இரண்டுக்கும் இடைப்பட்ட காற்று, மேலிருந்து இறங்கும் வெப்பத்தைத் தணித்தது.

சிலப்பதிகாரம் சாளரத்தைக் காலதர் என்று கூறும். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. கோல்கோந்த் முழுவதும் ஒரு காலதரே எனலாம்.

ரேமண்டின் அலுவலகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் நகாஷிமாவும், செக் கலைஞர் பிரான்திஷெக் சம்மரும் கட்டுமானத்தைக் கவனித்தனர். ரேமண்டும் 1938இல் குடும்பத்துடன் சில மாதங்கள் இங்குத் தங்கினார். ஆசிரமத்தினர் பலர் தொழில் கற்றுக்கொண்டே உழைத்தனர். பழைய பித்தளைப் பாத்திரங்கள் உருக்கப்பட்டுக் கைப்பிடிகளும் கீல்களும் வார்க்கப்பட்டன. இரண்டாம் உலகப்போரின் இடையூறுகளைக் கடந்து, 1940களில் பணி நிறைவுற்றது.

நெருப்பும் நிழலும்

அமெரிக்கா திரும்பிய ரேமண்டைப் போர் கடுமையாகச் சோதித்தது. தீக்குண்டுகளின் ஆற்றலை அறிய, யூட்டா பாலைவனத்தில் ஜப்பானியத் தொழிலாளர் வீடுகளைப் போன்ற மாதிரிகளை அமைக்கும் பணி 1943இல் அவரிடம் அளிக்கப்பட்டது. பாய் விரிப்பு வரை பிசகாமல் அவ்வீடுகளை அமைத்துக் கொடுத்தார். 1945 மார்ச்சில் டோக்கியோவின் மர வீடுகள் தீக்குண்டுகளுக்கு இரையாயின. போர் விரைவில் முடியவேண்டும் என்று கருதியே அப்பணியை ஏற்றதாகவும், தமக்கும் மனைவிக்கும் அது எளிதாக இருக்கவில்லை என்றும் அவர் தன்வரலாற்றில் பதிவுசெய்துள்ளார்.

அதே 1943இல், ஜப்பானிய மரபினர் என்பதால் முகாமில் அடைக்கப்பட்டிருந்த நகாஷிமாவுக்குப் பொறுப்பேற்று அவர் வெளியேற உதவினார். பென்சில்வேனியாவிலிருந்த தம் பண்ணையில் குடும்பத்துடன் இடமும் அளித்தார். வீடுகளை நுட்பமாக அறிந்த அறிவு அழிவுக்கும் பயன்பட்டது. நட்பு ஓர் உயிருக்கு நிழலானது. இரண்டையும் மறைக்காமல் அறிவதே அவருடைய வாழ்வை முழுமையாக அறிவதாகும். போருக்குப் பின் ஜப்பான் திரும்பி, தக்கசாக்கி இசையரங்கம், நன்சான் பல்கலைக்கழகம் முதலியவற்றைக் கட்டிய ரேமண்ட், 1976இல் மறைந்தார்.

பேணுதலே குளிர்ச்சி

கோல்கோந்த் இன்றும் நலமாக நிற்பதற்குக் கட்டியவர் திறன் மட்டும் காரணமன்று. அங்கு வாழ்வோர் அதனைக் கருத்துடன் துடைத்து, செப்பனிட்டுப் பேணி வருகின்றனர். வெயிலுக்கும் மழைக்கும் ஏற்பச் சாய்பலகைகளை அசைக்க மனிதக் கை வேண்டும். தூசி அடைத்த வடிகட்டியைத் துப்புரவு செய்யாவிட்டால் விலையுயர்ந்த குளிர்சாதனமும் மின்சாரத்தை வீணாக்கும். மாடியில் வெண்சுண்ணாம்பு பூசுதல், எதிரெதிர்ச் சாளரங்களைத் திறந்து வைத்தல், மேற்கு வெயிலுக்கு மரம் வளர்த்தல் ஆகியவை எளியோர் இல்லத்திலும் இயலும். காற்றுக்கு வழிவிட்ட பின்னரே எந்திரத்தை நாடுவது அறிவுடைமை.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டில் காற்று நுழையும் திசையையும் வெளியேறும் திசையையும் கண்டறிந்து படமாக வரைக.
2. அறிவியல் அறிவு ஆக்கத்துக்கும் அழிவுக்கும் பயன்படுவதை ரேமண்டின் வாழ்வைக் கொண்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.