தீரர் சத்தியமூர்த்தி

1955ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நம் ஆவடியில் காங்கிரசு மாநாடு கூடிய திடலுக்குச் சத்தியமூர்த்தி நகர் என்று பெயரிட்டிருந்தனர். அப்பெயருக்கு உரியவர் அப்போது உயிரோடில்லை.

1887ஆம் ஆண்டு புதுக்கோட்டைச் சீமையைச் சேர்ந்த திருமயத்தில் பிறந்த அவர், சென்னையில் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். நீதிமன்றத்தில் கூர்மை பெற்ற அவர்தம் நா, விரைவிலேயே நாட்டுக்காக வாதாடப் புகுந்தது. சென்னைச் சட்டமன்றத்திலும், 1934 முதல் தில்லி மத்திய சட்டசபையிலும் அவர் தொடுத்த வினாக்கள் ஆட்சியாளரைத் திணறச் செய்தன. தேவதாசி முறை ஒழிப்பிலோ, முத்துலட்சுமி அம்மையாரை எதிர்த்து நின்றார். அவ்வாதத்தைக் காலம் தள்ளுபடி செய்துவிட்டது.

1939இல் சென்னை மேயரானதும், நகரின் குடிநீர்த் தட்டுப்பாட்டைத் தம் வழக்காகவே ஏற்றார். அவருடைய முயற்சியால் 1940இல் கொசத்தலையாற்றின் குறுக்கே பூண்டியில் அணைக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. 1942ஆம் ஆண்டுப் போராட்டத்தில் சிறை சென்றவர், முதுகெலும்பு பாதிப்புற்று, 28-3-1943 அன்று மறைந்தார். அணை நிறைவுற்றதோ 1944இல்.

அவர் வளர்த்தெடுத்த காமராசர் முதலமைச்சராயிருந்த நாளில்தான் ஆவடித் திடல் அவர் பெயரைத் தாங்கியது. பூண்டி நீர்த்தேக்கமும் இன்று அவர் பெயரையே கொண்டுள்ளது. அங்கிருந்து கால்வாய் வழியே புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளுக்கு நீர் வருகிறது. அந்நீரை அவர் பருகவில்லை; நாம் பருகுகிறோம்.