ஆல்ஃபா, பீட்டா, காமா: பெயர் வைத்தவர் யார்?

நியூசிலாந்தில் 1871-ல் பிறந்தவர் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு. யுரேனியம் உமிழும் கதிர்கள் இரண்டு வகை என்று 1899-ல் பிரித்துக் காட்டினார். சாதாரணத் தாளே தடுத்துவிடுவது ஆல்ஃபா. தாளைத் தாண்டிப் போய், சில மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் நின்றுவிடுவது பீட்டா. பிரான்சின் பால் வில்லார் கண்டறிந்த மூன்றாவது கதிருக்கு 1903-ல் காமா என்று பெயர் வைத்ததும் இவர்தான். அதைக் குறைக்கவே தடித்த ஈயம் வேணும்.

கதிர்களோடு விடவில்லை. அணு சிதைந்து வேறு தனிமமாகவே மாறுகிறது என்று ஃபிரடெரிக் சோடியுடன் சேர்ந்து நிறுவினார். 1908-ல் வேதியியல் நோபல் கிடைத்தது.

ஆனால் அணுவிலிருந்து ஆற்றல் எடுப்பதெல்லாம் வெறும் கனவு என்று 1933-ல் ஒதுக்கித் தள்ளினார். 1937-ல் காலமானார். மறுவருடமே யுரேனிய அணுவைப் பிளந்துவிட்டார்கள். அவர் அப்படிச் சொல்லி 12 ஆண்டுகளில், ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தது.